வலிக்காத விரல்

ஆகஸ்ட் 18, திங்கள்

கத்துவதற்குப் பதிலாக எழுது என்று என் மகள் லோசனி சொல்லியிருக்கிறாள். ஓசூரில் கம்பெனி வேலை. அங்கே உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்தில் இருக்கும் என் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறாளாம். "அம்மா, கோவம் வந்தா உடனே எழுதிடு. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லித் தராங்க." சரி, நூல் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. எழுதுகிறேன். பக்கம் போதுமா என்றுதான் தெரியவில்லை.

முதல் கோபம் திலகா மேடம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. மகளுக்குச் செப்டம்பர் நாலாம் தேதி கல்யாணம். ஏழு பட்டு ரவிக்கை என் தலையில். முகூர்த்த ரவிக்கைக்கு முதலில் பாட் நெக், அதாவது பானை வடிவக் கழுத்து என்றார். வெட்டினேன். அப்புறம் போட் நெக், படகு வடிவம் என்றார். மாற்றினேன். இன்று வந்து மறுபடியும் பாட் நெக் என்கிறார். "கோவிச்சுக்காதீங்க கோமளா, பொண்ணு ஃபோன்ல ஒரு டிசைன் பாத்துட்டா." வெட்டிய துணி மறுபடி வளருமா என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.

அந்த எரிச்சலில் துணியோடு விரலையும் மெஷினுக்குள் விட்டுவிட்டேன். வலது கை ஆள்காட்டி விரல், நகத்தோரம். ஊசி இறங்கி ஏறியது. இந்தத் தொழிலில் இது புதிதில்லை. வாயில் வைத்துச் சப்பிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். என்னிடம் கொக்கி வைத்து ஹெம்மிங் பார்க்கிற ஃபாத்திமுத்து, "அக்கா, சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றாள். கழுவிக்கொண்டிருந்தால் ரவிக்கையை யார் தைப்பது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நகத்தோரம் சிவந்திருக்கிறது. தொட்டால் சூடு. என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறார். ஆனால் அவரைக் கேட்டால் பாதி டாக்டர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நகச்சுத்து" என்றார். எனக்குத் தெரியாதா? தெருவில் போகிற பூக்காரி கூடச் சொல்வாள்.

லைனிங் துணி ஒன்றரை மீட்டர் குறைவாக வெட்டிக் கொடுத்திருக்கிறான் கடைக்காரன். நாளை போய்ச் சண்டை போட வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

வலி. பேனா பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

விரலில் எலுமிச்சம்பழம் சொருகியிருக்கிறேன். அதோடு யாராவது தைத்திருக்கிறார்களா? நான் தைத்தேன். பழம் போய் மெஷினில் இடிக்கிறது, நூல் கோக்க வரவில்லை. பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். மஞ்சளைக் குழைத்துப் போடு. சுடுசோற்றில் விரலை வை. திலகா மேடம் தொலைபேசியில், "விரல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள், "அப்போ சனிக்கிழமை ரெண்டு ரவிக்கை குடுத்துடுவீங்கல்ல?" என்றார்.

ஃபாத்திமுத்து ஒரே பாட்டு: "ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா." போனால் கீறுவார்கள். கீறினால் கட்டுப் போடுவார்கள். கட்டுப் போட்டால் ஒரு வாரம் மெஷினில் உட்கார முடியாது. வாரத்துக்கு நான் எங்கே போவேன்?

இந்த விரலைப் பார்த்தாலே ஆத்திரமாக வருகிறது. ஒரு ஊசிக் குத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? உடம்பில் மற்ற இடமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இது மட்டும் கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூக்கமில்லை. விண் விண் என்று தெறிக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே படுத்திருந்தேன். லேசாகக் காய்ச்சல். சாயங்காலம் அவர் முக்கு மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கி வந்தார். பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்களாம். ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், ஒரு சின்ன வெள்ளை.

"என்ன மாத்திரைங்க இது?"

"வலிக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு ஒண்ணு, வீக்கத்துக்கு ஒண்ணு. நான் முதுகு வலிக்கு இதானே போடுறேன். போடு கோமு, சும்மா ஆராய்ச்சி பண்ணாத."

போட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

இதை முதலிலேயே செய்திருக்கலாம்! காலையில் எழுந்து பார்த்தால் வீக்கம் பாதியாக வற்றியிருக்கிறது. சிவப்பு மங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. விரலை மடக்க முடிகிறது, பேனா பிடிக்க முடிகிறது. எலுமிச்சம்பழத்தைத் தூக்கி எறிந்தேன். பதினொரு மணிக்குள் இரண்டு ரவிக்கைக்கும் கை கூட்டி முடித்தேன்.

இத்தனை நாளும் என்னென்ன பேச்சு! கீறணும், கட்டணும், சோற்றில் வைக்கணும். ஒரு சின்ன வெள்ளை மாத்திரையில் அடங்குகிற விஷயம். அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை வேறு. அதைச் சகிப்பதுதான் வலியைவிடக் கஷ்டமாக இருக்கிறது. காப்பி குடிக்கும்போது, "யாரு வாங்கிட்டு வந்தது?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டிருந்தால் டம்ளர் பறந்திருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று நானே மெடிக்கலுக்குப் போனேன். மஞ்சளும் ரோஸும் வயிற்றை எரிக்கின்றன, அவை வேண்டாம், அந்தச் சின்ன வெள்ளை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரப் பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையளவு கத்தரித்துக் கொடுத்தான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டுக்கொள்கிறேன். தையல் அதிகமான நாளில் மத்தியானமும் ஒன்று.

நல்ல பசி. ராத்திரி தூக்கம் குறைவு, ஆனால் அசதியே இல்லை. விடியும் முன்பே எழுந்து கட்டிங் போட்டுவிடுகிறேன். எதிர்வீட்டு அம்மாள், "முகம் பளபளன்னு இருக்கே கோமளா" என்கிறாள்.

ஃபாத்திமுத்துவுக்கு முட்டி வலி. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "யா அல்லா". பாவமாக இருந்தது. ஒரு வெள்ளை மாத்திரையைத் தகட்டோடு கொடுத்து, "போட்டுப் பாரு" என்றேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பேரு கூட முழுசா இல்லாத மாத்திரையை எப்படிக்கா முழுங்குறது?"

"எனக்குப் பேரா சரியாச்சு? மாத்திரையில சரியாச்சு."

"உங்களுக்கு நிசமாவே சரியாச்சாக்கா? துணியை அவுத்துக் காட்டுங்க."

விரலில் வெள்ளைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், பட்டில் கறை படக் கூடாது என்று. வேலை நேரத்தில் அவிழ்த்துக் காட்ட நான் என்ன பொம்மலாட்டமா நடத்துகிறேன்? நல்லது சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. மாத்திரையை அவள் போடவில்லை. கொக்கி, பட்டன் வைக்கிற டப்பாவுக்குள் அதைப் போட்டதைப் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஆவி பறக்கிற கொழுக்கட்டையை இட்லித் தட்டிலிருந்து வெறும் கையால் எடுத்து வைத்தேன். அவர், "சுடலையா கோமு?" என்று வாயைப் பிளந்தார். ஆள்காட்டி விரலில் சுடவே இல்லை. தையற்காரியின் விரல், காய்த்துப் போயிருக்கிறது. இவர்களுக்கெல்லாம் பஞ்சு விரல்.

தண்ணீர் தாகம் தாங்கவில்லை. ஒரு குடம் நானே குடிக்கிறேன். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. வெயில் இந்த வருஷம் ஆவணியிலும் விடவில்லை.

லோசனி பேசினாள். "என்னம்மா, குரலே மாறிப் போச்சு. அப்பாவைத் திட்டவே இல்லையாமே? டைரி வேலை செய்யுது பாத்தியா!" அவர் காட்டிக் கொடுத்திருக்கிறார். உண்மைதான், நாலு நாளாக நான் சத்தம் போடவில்லை. வலியில்லை என்றால் மனுஷிக்கு எதற்குக் கோபம் வருகிறது?

ஆகஸ்ட் 29, வெள்ளி

முன்னால் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கோபம் வருகிறது.

வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. இரண்டு நாளாக ஒரு வாடை. தைக்க உட்கார்ந்தால் வருகிறது, சமையல்கட்டுக்குப் போனால் அங்கேயும் வருகிறது. இவரிடம் சொன்னால், "எனக்கும் அப்பப்போ வருது" என்கிறார். வருகிறது என்றால் எழுந்து தேட வேண்டாமா? பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்த மறுநாளே அவர் வாகனம் நம் வீட்டில் செத்துக் கிடக்கிறது என்று சிரிப்பு வேறு.

பீரோவை நகர்த்தினேன். துணி மூட்டை அத்தனையும் பிரித்தேன். மெஷினுக்கு அடியில் உடைந்த ஊசிகளும் லோசனியின் பழைய தோடு ஒன்றும் கிடைத்தன. எலி இல்லை.

மூன்று ரவிக்கை பாக்கி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எலி இன்னும் கிடைக்கவில்லை. சாம்பிராணி போட்டேன். சாம்பிராணியும் எலியும் கலந்து இப்போது இன்னும் மோசம். திலகா மேடம் அளவு பார்க்க மகளோடு வந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு முந்தானையை வாயில் வைத்தார். எனக்கு மானம் போயிற்று. "எலி மேடம், நாளைக்குள்ள எடுத்துடுவோம்" என்றேன்.

அந்தப் பெண், அளவெடுக்கக் கையைத் தூக்கி நின்றவள், சட்டென்று ஓர் அடி பின்வாங்கிக்கொண்டாள். நான் நாடாவை வைத்தது அவள் கழுத்துக்குப் பக்கத்தில். ஏன் பின்வாங்கினாள் என்று தெரியவில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தையற்காரி தொட்டாலும் கூச்சம்.

முன்கையில் உள்பக்கம் ஒரு சிவப்புக் கோடு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அரக்குப் பட்டு சாயம் விட்டிருக்கிறது. இவ்வளவு விலை போட்டு வாங்குகிற பட்டு சாயம் போகலாமா? சோப்புப் போட்டும் போகவில்லை. கடைக்காரனைக் கேட்காமல் விடக் கூடாது.

லேசாகக் குளிர்கிறது. இன்று வெள்ளை மூன்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

இடது கை. பெரிய ஆஸ்பத்திரி.

எலி இல்லை. என் விரல்.

செப்டம்பர் 3, புதன்

இடது கையால் ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

திங்கட்கிழமை ஃபாத்திமுத்து வேலைக்கு வந்தாள். கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். நான் கட்டிங் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்து, விரல் துணியை மூக்குப் பக்கம் கொண்டுபோய் முகர்ந்தாள். "ஏய், என்ன பண்ற?" என்று கையை இழுத்தேன். விடவில்லை. துணியைச் சுற்று சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்த விரலைப் பார்த்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. பார்க்கவில்லை என்றால் பார்க்க நேரமில்லை. நேரமில்லை என்று இங்கே எழுதுகிறேன், அப்படியே இருக்கட்டும்.

நகத்துக்குக் கீழே கருத்திருந்தது. வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. வலியும் இல்லை. கருப்பு மட்டும்.

ஃபாத்திமுத்து கத்தவில்லை. பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, அந்த மாத்திரையைத் தேடி எடுத்துத் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். முட்டி வலியோடு படியில் இறங்கி ஓடினாள். ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்துதான் ஏறினாள். இவர் பார்சல் ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் பெயர் எழில். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னைவிடக் கோபக்காரி. இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு குச்சியால் விரல் நுனியைக் குத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டர். சுத்தமா வலிக்கல" என்றேன். நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னேன்.

டாக்டர் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற இவர் அதைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம். எனக்குச் சர்க்கரையே கிடையாது என்றேன். "பாத்திருக்கீங்களா?" என்றார். பார்த்ததில்லை. "அது ரொம்ப நாளா சத்தமில்லாம இருந்திருக்கும். இப்ப ஏத்தி விட்டிருக்கீங்க. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" பெயர் தெரியாது என்று நான் விழிக்கும்போது ஃபாத்திமுத்து முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரையோடு ஒட்டிய தகட்டில் பாதிப் பெயர் இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"ஏம்மா, வீட்டுக்குத் திருடன் வந்தா நாய் குலைக்கும். நீங்க திருடனை விட்டுட்டு நாய் வாயைக் கட்டியிருக்கீங்க. இது ஸ்டீராய்டு."

"வீக்கத்துக்குன்னு குடுத்தாங்க டாக்டர்" என்றார் இவர், ஈனசுரத்தில்.

"வீக்கம் வியாதின்னு யாரு சார் சொன்னது? வீக்கம்தான் வைத்தியம். ஊசி குத்துச்சு, கிருமி உள்ள போச்சு. உடனே உடம்பு அந்த இடத்துக்குப் போற ரத்தக் குழாயெல்லாம் அகலமா திறந்து விடும். ரத்தம் நிறைய வரும், அதான் சிவப்பு, அதான் சூடு. ரத்தத்துல இருக்குற வெள்ளை அணு குழாயை விட்டு வெளிய இறங்கிப் போயி கிருமியைப் பிடிச்சுத் திங்கும். அதுக கூடவே நீரும் வெளிய வரும். அந்த நீர்தான் வீக்கம். சீழ் வருதுல்ல? சண்டையில செத்த வெள்ளை அணு அது. காய்ச்சல் எதுக்கு? சூடு ஏறினா கிருமி சரியா பெருகாது. வலி எதுக்கு? அந்தக் கையை வெச்சுகிட்டு நீங்க ரவிக்கை தைக்காம இருக்கிறதுக்கு!"

கடைசி வாக்கியத்தை வார்டே கேட்டது.

"இந்த மாத்திரை என்ன செஞ்சுது? வந்த ஆளு அத்தனை பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிடுச்சு. வீக்கம் போச்சு, சிவப்பு போச்சு, காய்ச்சல் போச்சு. கிருமி மட்டும் போகல. அதுக்கு ஆளே இல்லாத வீடு. எலும்பு வரைக்கும் போயிருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைத் திட்டும்போது எனக்குத் திருப்பிப் பேச வாய் வரவில்லை. சிவப்புக் கோட்டைக் காட்டி, "இது பட்டுச் சாயம்" என்று மட்டும் சொன்னேன். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "சாயம் இல்லம்மா. விஷம் மேல ஏறுற பாதை" என்றார். பேனாவால் முன்கையில் சிவப்பு முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து பார்க்கிறாள். வெட்டுவதற்கு முன் துணியில் நான் போடுகிற மாதிரி, என் உடம்பிலேயே மார்க்கிங் போட்டுவிட்டார்கள்.

கை போகுமா என்று கேட்டேன். "கையைக் காப்பாத்தத்தான் பாக்குறோம். விரல் நுனி தேறாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

செப்டம்பர் 4, வியாழன்

அங்கே முகூர்த்தம். இங்கே ஆபரேஷன். இரண்டும் காலையில்.

செப்டம்பர் 6, சனி

நகமும் முதல் கணுவும் இல்லை. கட்டுக்குள் குட்டையாக இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று நர்ஸிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. துணியைத் தள்ளுகிற விரல் அது. ஊசிக்கு முன்னால் போய் வழி காட்டுகிற விரல். அது இல்லாமல் ஒரு நேர்த்தையலாவது போட முடியுமா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருக்கிறார். திடீரென்று, "நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார். காப்பி குடிக்கும்போது வெற்றியாகக் கேட்ட அதே கேள்விக்கு இப்போது அவரே பதில் சொல்கிறார். முதல் செட் மட்டும்தான் நீங்கள், மிச்சத்தை நானே போய்க் கேட்டு வாங்கினேன் என்றேன். அது அவருக்குத் தெரியாது. திட்டுவார் என்று காத்திருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். சர்க்கரை என்று நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள். ஓர் ஆரஞ்சைக்கூட உருப்படியாகக் கொடுக்கத் தெரியாத மனுஷன்.

ஃபாத்திமுத்து சாயங்காலம் வந்தாள். பாக்கி ரவிக்கைகளை அவளே தைத்து மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். "மெஷின்ல உக்காந்தியா? உன் முட்டி?" என்றேன். "வலிச்சுது. நிறுத்தி நிறுத்தித் தச்சேன்" என்றாள். அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு குத்தல் இருந்தது, ஆனால் அவள் குத்தலாகச் சொல்லவில்லை.

"உனக்கு எப்போ சந்தேகம் வந்துச்சு?"

"வாடைக்கு முன்னாடியேக்கா. நீங்க கத்துறதை நிறுத்தினீங்கள்ல, அப்பவே."

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று காலை விரல் வலித்தது! விண் விண் என்று. கட்டு மாற்றும்போது பார்த்தால் தையல் போட்ட இடம் லேசாகச் சிவந்து, கொஞ்சம் உப்பி, சூடாக இருக்கிறது. ஐயோ, மறுபடியுமா என்று டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். டாக்டர் எழில் குனிந்து பார்த்தார். அந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க" என்றார்.

காயம் ஆறுவதற்கும் இந்த அளவு வீக்கம் வேண்டுமாம். உடைந்ததைச் சுத்தம் செய்வதும் அவர்கள்தான், புதுச் சதை கட்டச் சொல்வதும் அவர்கள்தான். அப்படியென்றால் அந்த வெள்ளை மாத்திரை விஷமா என்று கேட்டேன். "நானே எழுதுவேன். ஆஸ்துமாக்காரங்களுக்கு எழுதுவேன். சில பேருக்கு உடம்பு திருடனே இல்லாம சொந்த வீட்டையே அடிச்சு நொறுக்கும், அவங்களுக்கு எழுதுவேன். யாருக்கு, எவ்வளவு, எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சு எழுதுவேன். அதுக்குத்தான இத்தனை வருஷம் படிச்சேன்? நீங்க கடலை வாங்குற மாதிரி வாங்கினா?" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். நல்ல பெண். தொண்டைதான் கொஞ்சம் அதிகம்.

முன்கையில் சிவப்பு, பேனாக் கோட்டுக்குக் கீழே வெகு தூரம் இறங்கிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டுக்கு வந்து சில நாள் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் தொல்லை. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ். சர்க்கரைக்காரிக்கு ஹார்லிக்ஸ். திலகா மேடம் வந்தார். கை நிறையப் பழம், முகம் நிறைய வருத்தம். பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கிளம்பும்போது, வரவேற்பு ரவிக்கைக்குக் கை கொஞ்சம் பிடிக்கிறது, ஆனால் அவசரமில்லை என்றார். அவர் கொண்டுவந்த கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன். பாட் நெக் அந்தப் பெண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி மாற்றச் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவே ஓர் எரிச்சல்.

இவர் தன் முதுகு வலி மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் எழிலிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நடையிலேயே தெரிகிறது.

அக்டோபர் 8, புதன்

மெஷினில் உட்கார்ந்தேன். பழைய லைனிங் துண்டு. நடுவிரலால் துணியைத் தள்ளப் பார்த்தால் அது வேறு ஊர் விரல், ஒன்றும் தெரியாது. தையல் பாம்பு போன வழி மாதிரி. பிரித்தேன். தைத்தேன். பிரித்தேன். ஃபாத்திமுத்து பார்க்காத மாதிரி கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "பாத்துச் சிரிக்கவாவது செய்யேன்டி!" என்று கத்தினேன். உடனே சிரித்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளித் தையல். முழு ரவிக்கை ஒன்று, வெட்டியது முதல் கொக்கி வரை என் கையால். தோளில் ஒரு சுருக்கம் இருக்கிறது. போடுகிறவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கடைசித் தையலில் ஊசி நடுவிரலில் இறங்கிவிட்டது. கத்துக்குட்டி விரல், ஒதுங்கத் தெரியவில்லை. வாயில் வைக்கவில்லை. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஃபாத்திமுத்து எழுந்து வந்து துடைக்கத் துண்டு கொடுத்தாள், அதிசயம்.

அக்டோபர் 18, சனி

நடுவிரல் ஓரம் சிவந்து, கொஞ்சம் உப்பியிருக்கிறது. இவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுகிறார். "நில்லுங்க!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்தாள். மார்க்கிங் பேனாவை எடுத்தேன். சிவப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். "சாயங்காலம் பாப்போம். இதைத் தாண்டுச்சுன்னா, காய்ச்சல் வந்துச்சுன்னா நானே ஆட்டோ ஏறுறேன். அது வரைக்கும் அதை அது வேலையைப் பாக்க விடுங்க."

சாயங்காலம் பார்த்தோம். சிவப்பு கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் அவர் விடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் விரல் நுனியால் வீக்கத்தை மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா கோமு?"

"வலிக்குது."

அப்படியே சுவரில் சாய்ந்து மூச்சை விட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெண்டாட்டிக்கு வலிக்கிறது என்றதும் நிம்மதியாக மூச்சு விடுகிற ஆளை இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான் கட்டியிருப்பேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் கை கழுவச் சுடுதண்ணீர் யார் வைப்பது என்று ஒரு சத்தம் போட்டேன். எழுந்து போனார்.